வரிசைக்காரி

அவளுக்கு அந்தப் பெயரை வைத்தது ஏணி. டவர்களைச் சோதிக்கிற வேலை அவனுக்கு. ஆள் நெட்டை என்பதால் அவனை எல்லோரும் ஏணி என்றார்கள். பட்டப்பெயர் வாங்கியவன் சும்மா இருப்பானா? மற்றவர்களுக்கும் ஆளுக்கொன்று வைத்துவிட்டான். மேலாளருக்கு ‘சராசரி’. யார் என்ன புகாரோடு போனாலும் அவர் திரையை ஒரு பார்வை பார்த்துவிட்டு, “சராசரி நல்லாத்தானே இருக்கு?” என்பார். அவளுக்கு ‘வரிசைக்காரி’. செல்போன் கம்பெனியில் அவள் பார்த்த வேலை அப்படி.

ஒரு டவருக்குக் கீழே எத்தனை போன் இருந்தாலும் டவர் ஒன்றுதான். அது ஒவ்வொரு நொடியையும் பொடிப்பொடியாக நறுக்கி, இது உனக்கு, அடுத்தது அவருக்கு என்று கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். யாருக்கு முதலில் என்று முடிவு செய்கிற புரோகிராமை எழுதுகிறவள் அவள். சினிமா இறக்கிக்கொண்டிருப்பவரைக் கொஞ்சம் காக்க வைத்தால் பாதகமில்லை. பேசிக்கொண்டிருப்பவரை அப்படி வைக்க முடியாது. பேச்சில் ஒரு துணுக்கு தாமதமாக வந்தால் அது வராததற்குச் சமம். கேள்வி கேட்டவர் எழுந்து போன பிறகு பதில் சொல்லி என்ன பயன்?

கம்பெனியில் ஓடிய பழைய புரோகிராமுக்கு ஒரே கொள்கைதான். எந்தப் போனில் சிக்னல் பலமோ அதற்கு முதலில் கொடு. கொஞ்ச நேரத்தில் நிறைய அனுப்பிவிடலாம், கணக்கும் பார்க்க அழகாக இருக்கும். சிக்னல் குறைந்தவர் ஒரு மூலையில் நின்று வாய் பார்க்க வேண்டியதுதான்.

அவள் எழுதியது வேறு ரகம். யாருடைய துணுக்குக்குக் கெடு நெருங்குகிறது என்று அது பார்க்கும். கெடு தாண்டியதைத் தயங்காமல் தூக்கி எறியும். வீணாய்ப் போனதைச் சுமந்துகொண்டிருந்தால் பின்னால் வருவதும் அல்லவா வீணாகும்? இவை இரண்டும் பலர் செய்கிறதுதான். மூன்றாவது விதி அவளுடையது. ஒருவருக்கு ஒரு துணுக்கு தவறிவிட்டால் அடுத்த முறை அவரை முன்னால் கூப்பிட வேண்டும். இவ்வளவு கூட்டத்தில் எல்லோருக்கும் எப்போதாவது ஒன்று தவறத்தான் செய்யும். ஒரே ஆளுக்கு அடுத்தடுத்துத் தவறக் கூடாது.

அந்த விதியை அவள் அண்ணனின் கையிலிருந்து எடுத்தாள்.

அண்ணனுக்குப் பிறந்ததிலிருந்தே காது கேட்காது. பேச்செல்லாம் கையால்தான். அவள் வாயால் பேசக் கற்பதற்கு முன்பே அவனோடு கையால் சண்டை போடக் கற்றுக்கொண்டவள். கையசைவில் ஒரு கணம் தவறினால் கண் தானாகவே இட்டு நிரப்பிக்கொள்ளும். அடுத்த கணமும் தவறினால் வார்த்தையே போய்விடும். வீடியோ காலில் அவனோடு பேசும்போதெல்லாம் அவள் இதைப் பார்த்திருக்கிறாள். சிதறலாகப் பத்துத் துணுக்கு தவறினாலும் அவன் சொல்வது புரிந்தது. சேர்ந்தாற்போல் நாலு தவறினால் ஒன்றும் புரியவில்லை.

அதை வைத்துத்தான் ஒரு வருடம் உட்கார்ந்து எழுதினாள். எழுதி முடித்ததும் மேலாளரின் அறைக்கதவைத் தட்டினாள்.

“கால்பந்து இறுதி ஆட்டம் வருதில்ல, அன்னைக்கு ஸ்டேடியம் டவர்ல போட்டுப் பாக்கலாம்,” என்றார் சராசரி. “முதல் பாதி மட்டும். கிராஃப் இறங்கிச்சுன்னா பழசுக்கு மாத்திடுவேன். அதுக்கப்புறம் இந்தப் பேச்சே கிடையாது, உங்களை வேற வேலைக்குப் போட்டுடுவேன். ஒரு வருஷமா என்ன பண்றாங்கன்னு மேலிடத்துல கேட்டுட்டே இருக்காங்க.”

“இறங்காது சார்.”

“அவ்வளவு நம்பிக்கையா?”

“நான் எழுதினது சார்.”

வாசலில் நின்ற ஏணி இருமினான். வெளியே வந்ததும், “கொஞ்சம் அடக்கி வாசிக்கக் கூடாதா, மேடம்?” என்றான்.

“எதுக்கு? நல்லா இல்லாததை எழுதியிருந்தா அடக்கி வாசிப்பேன்.”

ஆட்டத்துக்கு முந்தின நாள் அண்ணன் வீட்டுக்குப் போனாள். அண்ணனுக்கு அந்த ஸ்டேடியத்தில்தான் வேலை. மைதானத்தில் வெள்ளைக் கோடு போடுகிறவன் அவன். ஆட்டத்துக்கு முன் ஒரு தரம் போடுவான், இடைவேளையில் அழிந்ததைத் திருத்துவான். நடுவில் கேலரிக்குக் கீழே, காங்கிரீட்டுக்கு அடியில் இருக்கிற பெயின்ட் அறையில் சும்மா உட்கார்ந்திருப்பான். சும்மா இருக்கிற நேரத்தில் அண்ணிக்கு வீடியோ கால் போடுவான். அண்ணிக்கும் காது கேட்காது. பல் செட் செய்கிற இடத்தில் வேலை பார்ப்பவள், குறும்பில் அண்ணனுக்குச் சளைத்தவள் அல்ல.

அந்த வீட்டு ஃபிரிட்ஜ் கதவு முழுக்க அண்ணனின் படம். ஸ்டேடியம் நிரம்பியதும் அழைப்பு உறைந்து நிற்கும். அப்படி நிற்கிற ஒவ்வொரு தடவையும் அண்ணி அந்தக் கோலத்தைப் படமெடுத்து அச்சடித்து ஒட்டிவிடுவாள். ஒன்றில் அண்ணன் மூக்கைப் பிடித்தபடி நிற்கிறான். ஒன்றில் கண் பாதி மூடி, வாய் முழுசாகத் திறந்து, இரண்டு கையும் தலைக்கு மேல்.

“இவரு இந்தப் படத்துல என்ன சொல்ல வந்தாருன்னு பாத்த யாராலயும் கண்டுபிடிக்க முடியல,” என்று அண்ணி கையால் சொன்னாள். “சம்பளம் கூடிடுச்சுன்னு சொன்னாராம். எனக்கு யாரோ இவரைக் கொள்ளையடிக்கிற மாதிரி இருந்துச்சு.”

“எல்லாம் உன் கம்பெனி லட்சணம்,” என்று அண்ணன் தங்கையைக் கை காட்டினான். “பேசிட்டே இருக்கேன், பாதியில என் கையைப் பிடிச்சு நிறுத்திடறீங்க. வாயால பேசறவன் வாயைப் பொத்தினா சும்மா விடுவானா?”

“அதான் எங்க ஆபீஸ் சிம் ஒண்ணு தரேன்னு எப்பவோ சொன்னேன். நீ வாங்கிக்கல.”

“நான் கடையில காசு குடுத்து வாங்கின சிம் இருக்கு. எனக்கு எதுக்கு உன் தயவு?”

“நாளைக்குப் பாரு. உன் கை நிக்காது.”

“நின்னுச்சுன்னா?”

“என் படத்தையும் இதுல ஒட்டிக்கோங்க.”

அண்ணி அவசரமாக ஃபிரிட்ஜ் கதவின் நடுவிலிருந்த இரண்டு படங்களைப் பிய்த்து ஓரமாக நகர்த்தினாள். இடம் தயார் என்று அர்த்தம்.

மறுநாள் மாலை ஸ்டேடியத்தின் பின்பக்கம் கம்பெனியின் வேன் நின்றது. உள்ளே வரிசையாகத் திரைகள். ஏணி மதியமே கேலரியில் அங்கங்கே சோதனைப் போன்களை வைத்துவிட்டு வந்திருந்தான். மற்றவர்களின் அழைப்பை யாரும் எட்டிப் பார்க்க முடியாது, பார்க்கவும் கூடாது. அதனால் இந்தப் போன்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும். அந்தப் பேச்சு எவ்வளவு தடங்கலில்லாமல் போகிறது என்பதுதான் நடுத்திரையில் பச்சைக் கோடாக ஓடும். சராசரி அந்தக் கோட்டுக்கு எதிரே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்திருந்தார்.

நடுவர் விசிலடித்தார். அவள் தன் புரோகிராமை இயக்கினாள்.

பச்சைக் கோடு ஒரு விரற்கடை இறங்கியது. இறங்கிய இடத்திலேயே ஓட ஆரம்பித்தது.

கேலரியில் கூட்டம் கத்தியது. சீக்கிரமே ஏறிவிடும் என்று பார்த்தாள். ஏறவில்லை.

“இறங்கிடுச்சேம்மா,” என்றார் சராசரி. குரலில் கோபமில்லை. அதுதான் அவளுக்கு இன்னும் சுருக்கென்றது.

“முதல் பாதி வரைக்கும்னு சொன்னீங்க சார்.”

“இறங்கினா மாத்திடுவேன்னும் சொன்னேன். மேலிடத்துல இதைப் பாத்துட்டு இருக்காங்க.”

“எங்க இறங்குதுன்னு மட்டும் பாத்துக்கறேன் சார். அதுக்கப்புறம் மாத்துங்க.”

ஒவ்வொரு போனின் கணக்கையும் தனித்தனியாகத் திறந்தாள். எல்லாப் போனும் கொஞ்சம்கொஞ்சம் குறைந்திருந்தது. எதுவும் மோசமில்லை, எதுவும் முழுசாகவும் இல்லை. பக்கத்துத் திரையில், போன ஆட்டத்தில் பழைய புரோகிராம் ஓடியபோது எடுத்த கணக்கைப் போட்டாள். எல்லாம் முழு மார்க். படிக்கட்டுக்கு அடியில் தூணுக்குப் பின்னால் வைத்த போன்கூட முழு மார்க்.

அவள் விரல் அந்த வரியில் நின்றது. அந்த இடத்தில் சிக்னல் மூச்சுத் திணறும். பலமானவருக்கே முதலில் கொடுக்கிற பழைய புரோகிராம் அந்தப் போனைத் திரும்பிக்கூடப் பார்த்திருக்கக் கூடாது.

“இந்தப் படிக்கட்டுப் போன் பழசுல எப்படி முழு மார்க் வாங்கிச்சு?” என்று கேட்டாள்.

“அது நம்ம சிம்மாச்சே, மேடம்,” என்றான் ஏணி, சூரியன் எந்தப் பக்கம் உதிக்கும் என்று கேட்டதைப் போல. “எவ்வளவு கூட்டம் இருந்தாலும் ஆபீஸ் சிம்மைத்தான் முதல்ல கவனிக்கும். முன்னுரிமைக் குறி போட்டிருக்கில்ல?”

“எப்பலேருந்து?”

“எனக்கு முன்னாடியிலேருந்து. எப்பவோ பெரிய ஆளுங்க முன்னாடி டெமோ காட்டறப்ப லைன் கட்டாகி மானம் போச்சாம். அதுலேருந்து நம்ம சிம் எல்லாத்துக்கும் குறி போட்டுடறது வழக்கம். ஏன், உங்களுக்குத் தெரியாதா?”

ஆபீஸ் சிம்மில் லைன் நன்றாக இருக்கும் என்பது மட்டும்தான் அவளுக்குத் தெரியும், காரணம் தெரியாது. அவள் புரோகிராமை முதல் வரியிலிருந்து தானே எழுதியவள். யாருக்கும் குறி கிடையாது, அப்படி ஒன்று இருக்கும் என்றே தோன்றவில்லை.

“சார், இவ்வளவு நாளா நாம நம்மளையேதான் அளந்துட்டு இருந்திருக்கோம்,” என்றாள். “இந்தக் கோடு ஜனங்களோடது இல்ல. முன்வரிசையில உக்கார வச்ச நம்ம போனோடது. நான் அதை எழுப்பி எல்லாரோடயும் உக்கார வச்சேன், அதனால இறங்குது.”

சராசரி பச்சைக் கோட்டைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். மனிதருக்குப் பிடிவாதம் உண்டே தவிர வீம்பு கிடையாது.

“சரி. குறி இல்லாத போன் ஒண்ணைக் குடுங்க, பாத்துடலாம்.”

ஏணி தன் போனை எடுத்தான். ஆபீஸ் சிம். வேன் டிரைவர் எடுத்தார். ஆபீஸ் சிம். சராசரி இரண்டு பையிலிருந்தும் இரண்டு போனை எடுத்து இரண்டையும் திரும்ப வைத்துக்கொண்டார். அவளுடையதும் அதே கதைதான்.

“இந்த வேன்ல பொதுஜனம்னு ஒருத்தர்கூட இல்லையா?” என்றார் சராசரி.

“ஒருத்தர் இருக்கார் சார். வேன்ல இல்ல, கேலரிக்குக் கீழ,” என்று அவள் எழுந்தாள்.

ஏணியை வேனில் விட்டுவிட்டு இருவரும் கிளம்பினார்கள். பெயின்ட் அறைக்குப் போக ஒடுக்கமான சிமென்ட் படிகள். கோடு போடுகிற வண்டி சுவரோரம் நின்றது, சக்கரமெல்லாம் வெள்ளை. அண்ணன் கவிழ்த்த டப்பாமேல் செருப்பில்லாமல் உட்கார்ந்து இரண்டு பாதத்தையும் தரையில் பதித்திருந்தான். கூட்டம் குதித்தால் தரை அவனுக்குச் சொல்லிவிடும்.

“கோல் இல்ல, சும்மா கத்தறாங்க,” என்று கையால் சொன்னவன், பின்னால் வந்தவரைப் பார்த்தான். “இவருதான் உன் சராசரியா? நீ சொன்னதைவிடக் கொஞ்சம் குள்ளம்.”

“என்ன சொல்றார்?” என்றார் மேலாளர்.

“வணக்கம் சொல்றார் சார்.”

“வணக்கத்துக்கு ஏன் என் தலைக்கு மேல அளவு காட்டறார்?”

“மரியாதை ஜாஸ்தி சார்.”

அண்ணியைக் கூப்பிடு என்றாள். அண்ணன் போனைச் சுவரில் சாய்த்து வைத்து அழைத்தான். அண்ணி வந்தாள், கையில் பாதி கடித்த ஆப்பிளோடு. அண்ணன் பேச ஆரம்பித்தான். படம் தெளிவாக இருந்தது என்று சொல்ல முடியாது. அங்கங்கே மணல் தூவியது போலிருந்தது. ஆனால் கை நிற்கவில்லை. காலையில் கோடு போட்ட கதை, கோடு நேராக வரக் கட்டிய நூலில் கால் தடுக்கி விழப்போன கதை எல்லாம் சொன்னான். அண்ணி சிரித்தது அங்கங்கே சிரிக்க வேண்டிய இடத்தில் சரியாக வந்து சேர்ந்தது.

“என்ன இன்னைக்கு உங்க கை ஓடிட்டே இருக்கு?” என்றாள் அண்ணி. “பக்கத்துல யாரு, பரீட்சை எழுத வந்த மாதிரி நிக்கறது?”

“இவங்க என்ன சொல்றாங்க?” என்றார் மேலாளர்.

“அவங்களும் வணக்கம்தான் சார்.”

சராசரி சிரிக்கவில்லை. சுவரில் சாய்ந்திருந்த போனுக்கு அருகே குனிந்து, கண் இமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தன் போனில் ஏணியைக் கூப்பிட்டார்.

“பழசுக்கு மாத்து.”

சொல்ல வேண்டியதை அந்தச் சின்னத் திரையே சொல்லட்டும் என்று அவள் கையைக் கட்டிக்கொண்டாள்.

அண்ணி ஆப்பிளைக் கடிக்கப் போனவள் அப்படியே நின்றாள். வாய் திறந்தபடி, ஆப்பிள் வாய்க்கு வெளியே. ஒரு தடவை குதித்து வேறு கோலத்துக்குப் போனாள். மறுபடி நின்றாள். அண்ணன் கையை இறக்கி மடியில் வைத்துக்கொண்டான். பழக்கம். அந்தக் கை அப்படி இறங்கியதைப் பார்த்தபோதுதான் சராசரியின் முகம் மாறியது.

அதே நேரம் அவர் காதில் ஏணி. அறை சின்னது என்பதால் அவன் பேசுவது அவளுக்கும் கேட்டது.

“சார், கோடு ஜம்முன்னு மேல போயிடுச்சு. சராசரி சூப்பரா இருக்கு சார்.”

மேலாளர் திரையில் உறைந்து நின்ற ஆப்பிளைப் பார்த்தார்.

“புதுசையே போடு,” என்றார்.

“கோடு இறங்கும் சார்.”

“இறங்கட்டும். ஆட்டம் முடியற வரைக்கும் எடுக்காதே. நாளைக்கு நம்ம சிம் எல்லாத்துலயும் அந்தக் குறியை எடுத்துடணும். என்னோடதுலேருந்து ஆரம்பி.”

“என்னோடதுமா சார்?” ஏணியின் குரல் உடைந்தது.

மேலாளர் அவனுக்குப் பதில் சொல்லாமல் இன்னொரு எண்ணை அழுத்தினார். மேலிடம். கோடு ஏன் இறங்கியது, அது யாருடைய கோடு, இப்போது எதை ஓட விட்டிருக்கிறோம் என்று வரிசையாகச் சொன்னார். அந்தப் பக்கம் ஏதோ கேட்டார்கள்.

“எங்க வரிசைக்காரி எழுதினது,” என்றார். சொன்ன பிறகுதான் அதை அவள் எதிரில் சொல்லிவிட்டோம் என்று உறைத்தது. “அந்தப் பேரு எல்லாருக்கும் தெரியும்மா,” என்றார் அவளிடம். “என்னோடதும் எனக்குத் தெரியும்.”

சுவரில் சாய்ந்த போனில் அண்ணி ஆப்பிளைக் கடித்தாள். அண்ணனின் கை மடியிலிருந்து எழுந்தது.

“நடுவுல போயிட்டு இப்ப எப்படி வந்துச்சு?” என்று அண்ணி கேட்டாள்.

அண்ணன் நகர்ந்து தங்கைக்கு இடம் விட்டான். அவள் போனுக்கு முன்னால் குனிந்து, விரலால் தன் நெஞ்சைத் தொட்டு, உள்ளங்கையில் வேகமாக எழுதிக் காட்டினாள்: நான் எழுதினது. ஒரு தடவை போதும். இருந்தும் மூன்று தடவை சொன்னாள்.

இரண்டாம் பாதியில் அவளால் வேனில் உட்கார முடியவில்லை. கேலரியின் மேல்படி வரை ஏறினாள். எங்கே பார்த்தாலும் போன். ஒருவர் மைதானத்தைக் காட்டிக்கொண்டிருந்தார், ஒருத்தி ஒரு காதைப் பொத்திக்கொண்டு யாரையோ அதட்டிக்கொண்டிருந்தாள். எல்லோருக்கும் அவ்வப்போது ஒன்று தவறிக்கொண்டுதான் இருக்கும், யாரும் அதை உணரவில்லை. இத்தனை பேரும் தன் வரிசையில் நிற்கிறார்கள் என்று நினைத்தபோது அவளுக்குத் தோள் தானாக நிமிர்ந்தது. பெருமையை அடக்கிக்கொள்ள வேண்டும் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை.

பக்கத்தில் நின்ற பெரிய மீசைக்காரர் போனை மூடியபடி, “இன்னைக்கு லைன் பரவாயில்லையே,” என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

“நான்தாங்க அதை எழுதினேன்,” என்றாள்.

“எதை?”

“வரிசையை.”

அவர் ஒரு அடி தள்ளி நின்றுகொண்டார். அவள் சிரித்துக்கொண்டே கீழே இறங்கினாள்.

அடுத்த விடுமுறை நாளில் அண்ணன் வீட்டுக்குப் போனபோது ஃபிரிட்ஜ் கதவில் அந்த ஆட்டத்தின் அண்ணன் படம் இல்லை. அவள் புரோகிராமில் அவன் உறையவில்லையே, நடுவில் பழசில் நின்றதை அண்ணி கணக்கில் சேர்க்கவில்லை. ஆனால் அண்ணி ஒதுக்கி வைத்த இடம் காலியாகவும் இல்லை. அங்கே அவளுடைய படம் ஒட்டியிருந்தது. முகம் மட்டும் தெரிந்தது. கை இருக்க வேண்டிய இடத்தில் ஒரு வெளிறிய தீற்றல், அவ்வளவு வேகம்.

“பந்தயத்துல நான்தானே ஜெயிச்சேன், என்னை எதுக்கு ஒட்டினீங்க?” என்று அவள் கையால் சண்டைக்குப் போனாள்.

“இந்தக் கதவுல ஓடற கை இது ஒண்ணுதான்,” என்றாள் அண்ணி.

அண்ணன் அந்தத் தீற்றலைக் கிட்டப் போய் உற்றுப் பார்த்தான். “இதுல நீ என்ன சொல்லிட்டு இருக்கேன்னு யாருக்கும் புரியாது,” என்றான்.

அவள் நெஞ்சைத் தொட்டு, உள்ளங்கையில் மறுபடி எழுதிக் காட்டினாள்.